புளூஸ் பேரரசி பெஸ்ஸி ஸ்மித்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். யாருடைய வாழ்வை எழுதுவது என்று சில நாட்கள் எண்ணிப் பார்த்தோம். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோரின் வரலாறுகளை நம் வாசகர்கள் பலமுறை படித்திருப்பர். அவை எத்தனை முறை படித்தாலும் திகட்டாதவை. எனினும் இம்முறை கடல் கடந்து செல்ல விழைகிறோம். பிறப்பின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு சமுதாயத்தில் தோன்றி, தாய் தந்தையரை இளமையிலேயே இழந்து, தெருவில் பாடிப் பிழைத்து, தம் குரல் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஒரு நாட்டையே கேட்க வைத்த பெண்மணி ஒருவரின் வாழ்வையும் மறைவையும் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்குப் புதிதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்கள் தங்கள் இயக்கத்தின் பெயரையே அந்நாட்டுக் கறுப்பின இளைஞர்களிடமிருந்து பெற்றனர். அண்ணல் கல்வி பயின்று திரும்பிய அதே நியூயார்க் நகரில், ஏழாண்டுகள் கழித்து, நம் வரலாற்றின் நாயகி தமது முதல் இசைத்தட்டைப் பாடினார்.

தெருவில் வளர்ந்த குரல்

அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் ஏழைக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பெஸ்ஸி ஸ்மித் பிறந்தார். 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் என்று அவரது திருமணப் பதிவு கூறுகிறது. மக்கள்தொகைக் கணக்கேடோ 1892 என்கிறது. ஏழைகளின் பிறந்த நாளை எவர் குறித்து வைத்தார்? நம் பாட்டன்மார்களின் பிறந்த ஆண்டும் இவ்வாறு பஞ்சத்தையும் புயலையும் வைத்துக் கணக்கிடப்பட்டதன்றோ!

அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். பெஸ்ஸி பிறந்தபோது அதற்கு முப்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. சட்டம் விலங்கை உடைத்ததே தவிர, வெள்ளையரின் மனம் மாறவில்லை. இருதரப்பாருக்கும் தனித்தனி வசதி செய்து தருவது குற்றமன்று என்று 1896இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதன் பின் இரயில் பெட்டி தனி, பள்ளி தனி, உணவு விடுதி தனி, மருத்துவமனை தனி, இடுகாடும் தனி என்றாயிற்று. தனிக்குவளையையும் தனிச்சுடுகாட்டையும் கண்டவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தந்தை வில்லியம் ஸ்மித் கூலித்தொழிலாளி. ஓய்வு நேரத்தில் கிறித்தவ போதகராகவும் இருந்தவர். மகளுக்கு முகம் நினைவில் பதியும் முன்னரே அவர் மறைந்தார். பெஸ்ஸிக்கு ஒன்பது வயது ஆகும் முன்பே தாயாரும் காலமானார். மூத்த தமக்கை வயோலா பிறர் வீட்டுத் துணிகளை வாங்கி வெளுத்துக் கொடுத்து, அந்த வருவாயில் தம்பி தங்கையரைக் காத்தார். அதுவும் போதாத நிலையில், பெஸ்ஸி பாடி ஆட, உடன்பிறந்தான் ஆண்ட்ரூ கித்தார் வாசிக்க, இருவருமாகத் தெருமுனையில் நின்று சில்லறை சேர்த்தனர். புத்தகப் பை சுமக்க வேண்டிய வயதில் குடும்பச் சுமையைத் தோளில் ஏற்ற சிறுமி அவர்.

மற்றோர் உடன்பிறந்தான் கிளாரன்ஸ் ஊர் ஊராகச் செல்லும் கலைக்குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். 1912இல் அக்குழு சட்டனூகாவுக்கு வந்தபோது, அவர் முயற்சியால் பெஸ்ஸிக்கு வேலை கிடைத்தது. ஆனால் பாடகியாக அன்று, நடனப் பெண்ணாகவே அவரை எடுத்துக்கொண்டனர். காரணம், அக்குழுவில் ஏற்கெனவே ஒரு பெரும் பாடகி இருந்தார். அவரே புளூஸ் இசையின் தாய் என்று இன்றளவும் போற்றப்படும் மா ரெய்னி அம்மையார். அந்த மூத்த கலைஞரின் அருகிலிருந்து மேடையின் நெளிவு சுளிவுகளைப் பெஸ்ஸி கற்றார். பின்னர் அட்லாண்டா நகரின் நாடகக் கொட்டகையில் பாடிப் பாடித் தமக்கென ஒரு பெயரைத் தேடிக்கொண்டார்.

புளூஸ் என்னும் இசை

புளூஸ் என்பது பருத்திக் காட்டிலும், இரயில் பாதை போடும் இடத்திலும், சிறைக் கூடத்திலும் உழைத்து ஓய்ந்த கறுப்பின மக்களின் நெஞ்சிலிருந்து எழுந்த இசை. பெரும்பாலும் மூன்று அடிகளில் அமையும். முதலடியையே இரண்டாம் முறையும் பாடுவர். மூன்றாம் அடி அதற்கு விடையாக வந்து விழும். நம் ஒப்பாரியில் ஒருத்தி சொன்னதை மீண்டும் சொல்லி நிறுத்த, கேட்போர் நெஞ்சு அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்குமே, அத்தகைய காத்திருப்பு இதிலும் உண்டு. ஆனால் புளூஸ் வெறும் அழுகை அன்று. அதில் கேலி உண்டு, காதல் உண்டு, சினம் உண்டு. துன்பத்தை உரக்கப் பாடிவிட்ட பின் அதனைத் தாங்கும் வலிமை பிறக்கும் என்னும் நம்பிக்கையும் உண்டு.

அக்காலத்தில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினப் பெண்களின் குரலை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. அவர்களின் தட்டை எவர் விலை கொடுத்து வாங்குவர் என்று எண்ணின. 1920ஆம் ஆண்டில் மாமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பாடகியின் புளூஸ் தட்டு வெளிவந்து பெருமளவில் விற்றது. வீடு தோறும் வேலை செய்து பிழைப்போரும் காசு சேர்த்துத் தங்கள் இனத்தவரின் குரலை வாங்கினர். அதன் பிறகே நிறுவனங்கள் கறுப்பினப் பாடகியரைத் தேடி ஓடின. அப்போதும் அத்தட்டுகளைப் பொதுப் பட்டியலில் சேர்க்காமல், இனத் தட்டுகள் என்று தனிப் பட்டியல் போட்டன. இசையிலும் சேரி ஒன்று ஏற்பட்டது!

பெஸ்ஸியின் குரல் மிகவும் கரடுமுரடானது என்று சொல்லிச் சில நிறுவனங்கள் அவரை முதலில் திருப்பி அனுப்பின. கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனம் ஒன்றும் அவ்வாறு அனுப்பியவற்றில் அடங்கும். இறுதியில் 1923 பிப்ரவரி 16ஆம் நாள் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பாடினார். அல்பர்ட்டா ஹண்டர், லவ்வி ஆஸ்டின் என்னும் இரு கறுப்பினப் பெண்மணிகள் இயற்றிய பாடல் அது. ஆறு திங்களுக்குள் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றதாகச் சொல்வர். கடும் பணமுடையில் தத்தளித்துக் கொண்டிருந்த அந்நிறுவனத்துக்கு, திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் குரல் பெருந்துணையாயிற்று.

புகழும் பொருளும்

இங்கே நம் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. பெஸ்ஸி முதலில் கையொப்பமிட்ட ஒப்பந்தம் நிறுவனத்துடன் செய்யப்பட்டதன்று. இடையில் நின்ற பியானோ கலைஞர் ஒருவருடன் செய்யப்பட்டது. பாடியதற்கு நிறுவனம் தந்த தொகையில் பாதியை அவர் தம் பையில் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரிய வந்தது. அதை அறிந்ததும் பெஸ்ஸி நேரில் சென்று சண்டையிட்டு அந்தக் கட்டிலிருந்து விடுபட்டார். பின்னர் நிறுவனத்துடன் நேரடியாக ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, வெளியிடத் தகுந்த ஒவ்வொரு பாடலுக்கும் 125 டாலர் கிடைத்தது. அந்நாளில் அது பெருந்தொகையே. ஆயினும் தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அதில் ஒரு காசும் பாடகிக்குச் சேராது. விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, அவருக்கு இல்லை. 1931 வரை அந்நிறுவனத்துக்காக அவர் பாடிய பாடல்கள் ஏறத்தாழ 160. குரல் அவருடையது, விளைச்சல் பிறருடையது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் உழவர்கள் சொல்வதை நினைத்துக்கொள்கிறோம். கையொப்பமிடும் முன் எழுத்தைப் படித்தறியும் ஆற்றல் வேண்டும் என்பதற்காகவே நம் சங்கம் போன்றவை தோன்றின.

எனினும் மேடையில் அவர் ஈட்டிய செல்வம் மிகுதி. வாரத்துக்கு 2,000 டாலர் வரை பெற்றார். அக்காலக் கறுப்பினக் கலைஞர்களுள் மிகுந்த ஊதியம் பெற்றவர் அவரே. புளூஸ் பேரரசி என்னும் பட்டம் அவருக்கு நிலைத்தது. 1925 ஜனவரியில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் ஊத, அவர் பாடிய தட்டு இசை அறிந்தோரால் இன்றும் போற்றப்படுகிறது. ஒலிவாங்கி இல்லாத அரங்குகளில், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி பாடுவார் என்று கேட்டவர்கள் கூறினர்.

பாடுவதற்கு ஊர் ஊராகச் செல்ல வேண்டும். செல்லும் ஊரில் கறுப்பினத்தவருக்குத் தங்கும் விடுதியில் இடமில்லை, உண்ணும் விடுதியில் இருக்கை இல்லை. இரயிலிலோ ஒதுக்கிய பெட்டியில் ஏற வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய பாடகி, நிகழ்ச்சி முடிந்ததும் எங்கே தலை சாய்ப்பது என்று தேட வேண்டிய நிலை. பெஸ்ஸி இதற்கு ஒரு வழி கண்டார். 1925இல் தமக்கென்றே ஓர் இரயில் பெட்டியைச் செய்வித்து வாங்கினார். 72 அடி நீளம், பளிச்சென்ற மஞ்சள் வண்ணம், பச்சை எழுத்துகளில் அவர் பெயர். கலைஞர்களும் தொழிலாளர்களும் அதிலேயே உறங்கினர், சமைத்தனர், உண்டனர். அவர்கள் எந்த விடுதியின் வாசலிலும் நின்று இடம் கேட்கத் தேவையில்லாது போயிற்று. இதனை ஆடம்பரம் என்று சிலர் கூறலாம். தன்மானத்துக்காகக் கொடுத்த விலை என்றே நாம் கருதுகிறோம்.

1927இல் வட கரோலினா மாநிலத்தின் கான்கார்டு என்னும் ஊரில் கூடாரம் அடித்து நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தனர். வெள்ளை அங்கி தரித்து, முகத்தை மறைத்துக்கொண்டு கறுப்பின மக்களைக் கொடுமைப்படுத்திய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தினர் இருளில் வந்து கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினர். கூடாரம் சரிந்தால் உள்ளே இருந்த மக்கள் சிக்கிக்கொள்வர். செய்தி அறிந்த பெஸ்ஸி, துணைக்கு வந்த ஆண்கள் பின்வாங்கிய போதும், தனியொருவராக அவர்களை நோக்கி நடந்தார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையின் முட்டியை உயர்த்தி, உரத்த குரலில் வைது ஓடச் சொன்னார். திகைத்து நின்ற அக்கூட்டம் இருளில் மறைந்தது. அவர் ஒன்றும் நடவாதது போல் மேடைக்குத் திரும்பிப் பாடினார். உடனிருந்த கலைஞர்கள் நெடுங்காலம் நினைவில் வைத்துச் சொன்ன நிகழ்ச்சி இது.

எளியோரின் வாழ்வை அவர் மறக்கவில்லை. 1928இல், பிறர் துணியை வெளுத்து உழலும் பெண்ணின் துயரைப் பற்றி அவர் பாடினார். தமக்கை வயோலாவின் கைகள் அப்போது அவர் கண்முன் நின்றிருக்கும் என்று எண்ணுகிறோம். செல்வர்களை நோக்கி ஏழையின் நிலையை எடுத்துரைக்கும் பாடல் ஒன்றும் அதே ஆண்டில் வெளிவந்தது. 1927 பிப்ரவரியில், வெள்ளத்தில் வீடிழந்த பெண் ஒருத்தியின் கூற்றாக ஒரு பாடலைப் பாடியிருந்தார். இரண்டே திங்களில் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பெருகி லட்சக்கணக்கானோரை வீடற்றவர்களாக்கியது. அவர்களுள் பெரும்பகுதியினர் தாழ்ந்த நிலத்தில் குடியமர்த்தப்பட்டிருந்த கறுப்பின உழவர்கள். வேறொரு வெள்ளத்தைக் கண்டு எழுந்த அப்பாடல் அவர்களின் பாடலாகவே ஆகிவிட்டது.

அவரிடம் குறைகளே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மது அவரைப் பிடித்திருந்தது. சினம் வந்தால் கைநீட்டவும் தயங்க மாட்டார். வந்த பணத்தை உறவினருக்கும் நண்பருக்கும் வாரி இறைத்தார், சேர்த்து வைக்க அறியார். 1923இல் ஜாக் கீ என்பவரை மணந்தார். அம்மணவாழ்வு பூசலிலேயே கழிந்து 1929 அளவில் பிரிவில் முடிந்தது. பெரியோரின் வரலாற்றை எழுதும்போது குறைகளை மறைத்தால் அது வரலாறு ஆகாது, வெறும் புகழ்மாலை ஆகிவிடும்.

தாழ்வும் மீட்சியும்

1929இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. உண்ணவே வழியில்லாத மக்கள் இசைத்தட்டை எங்ஙனம் வாங்குவர்? பேசும் படங்கள் வந்து நாடகக் கொட்டகைகளையும் காலியாக்கின. அவ்வாண்டில் பெஸ்ஸி ஒரு குறும்படத்தில் நடித்துப் பாடினார். அவர் அசைந்து பாடுவதை நாம் இன்று காணக்கூடிய ஒரே படம் அது. 1931இல் கொலம்பியா நிறுவனம் அவரைக் கைவிட்டது. மஞ்சள் இரயில் பெட்டியும் பேரரசிக் கோலமும் பழங்கதையாயின.

ஆயினும் அவர் பாடுவதை விடவில்லை. கிடைத்த மேடையில் பாடினார். 1933 நவம்பர் 24ஆம் நாள், ஜான் ஹாமண்ட் என்னும் வெள்ளை இளைஞரின் ஏற்பாட்டில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவையே அவரது இறுதிப் பதிவுகள் ஆயின. மூன்று நாட்கள் கழித்து அதே ஹாமண்ட், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் முதல் பாடலைப் பதிவு செய்தார். அவரே பின்னாளில் பெரும்புகழ் எய்திய பில்லி ஹாலிடே. ஒரு விளக்கு அணையும் முன் மற்றொன்று ஏற்றப்பட்டது போலும்.

ரிச்சர்டு மார்கன் என்னும் நண்பரின் துணையோடு பெஸ்ஸியின் வாழ்வு ஓரளவு அமைதி பெற்றது. காலத்துக்கேற்பப் புதிய பாணிப் பாடல்களைக் கற்றார். மீண்டும் பெரிய மேடைகள் அழைக்கத் தொடங்கின. இன்னொரு உயர்வு கைக்கெட்டும் தொலைவில் இருந்த வேளையில்தான் அந்த இரவு வந்தது.

அந்த இரவு

1937 செப்டம்பர் 26ஆம் நாள். விடியலுக்கு முந்தைய இருள். மெம்பிஸ் நகரிலிருந்து மிசிசிப்பி மாநிலத்துக்குள் செல்லும் 61ஆம் எண் நெடுஞ்சாலையில் மார்கன் காரை ஓட்ட, பெஸ்ஸி பயணம் செய்தார். முன்னால் நின்ற அல்லது மெல்ல நகர்ந்த சரக்கு லாரி ஒன்றின் மீது கார் மோதியது. பெஸ்ஸியின் வலது கை முழங்கையருகே ஏறக்குறைய துண்டானது. உடலின் உள்ளேயும் காயம் பலமாக இருந்தது.

சற்று நேரத்தில் அவ்வழியே மீன்பிடிக்கச் சென்றுகொண்டிருந்த டாக்டர் ஹியூ ஸ்மித் என்னும் வெள்ளை மருத்துவர் காரை நிறுத்தி முதலுதவி செய்தார். உடன் வந்த நண்பர் அருகிலிருந்த வீட்டுக்குச் சென்று ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் சொன்னார். நேரம் கடந்ததால் தம் காரிலேயே ஏற்றிச் செல்ல மருத்துவர் இடம் ஒழித்துக் கொண்டிருந்தபோது, வேகமாக வந்த மற்றொரு கார் அந்தக் காரின் மீது மோதி அதனையும் நொறுக்கியது. பின்னர் ஆம்புலன்ஸ் வந்தது. கிளார்க்ஸ்டேல் நகரில் கறுப்பினத்தவருக்கென இருந்த ஜி. டி. தாமஸ் மருத்துவமனைக்குப் பெஸ்ஸியைக் கொண்டு சென்றனர். அங்கே கை துண்டிக்கப்பட்டது. ஆயினும் நினைவு திரும்பாமலேயே அன்று முற்பகலில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 43.

கதையும் உண்மையும்

அவ்வாண்டு நவம்பரில், முன்னர் குறிப்பிட்ட ஹாமண்ட் ஓர் இசை இதழில் எழுதிய கட்டுரையில், பெஸ்ஸியை முதலில் வெள்ளையர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதாகவும், நிறத்தைக் காரணம் காட்டி அங்கே சேர்க்க மறுத்ததாகவும், அதனால் இரத்தம் வடிந்து அவர் இறந்ததாகவும் பொருள்படும் செய்தியை வெளியிட்டார். அது நாடெங்கும் பரவியது. எட்வர்டு ஆல்பி என்னும் புகழ்பெற்ற நாடக ஆசிரியர் அதை அடிப்படையாகக் கொண்டு 1959இல் நாடகமே எழுதினார். நம்மவர் சிலரும் மேடைகளில் இக்கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்பு நாமும் அதனை நம்பியவர்களே.

ஆனால் நடந்தது அதுவன்று. பிற்காலத்தில் கிறிஸ் ஆல்பர்ட்சன் என்னும் ஆய்வாளர் டாக்டர் ஸ்மித்தை நேரில் கண்டு விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார். தாம் கேள்விப்பட்டதை வைத்தே எழுதியதாக ஹாமண்டும் ஒப்புக்கொண்டார். பெஸ்ஸியை எந்த வெள்ளையர் மருத்துவமனையும் திருப்பி அனுப்பவில்லை. அங்கே அவரைக் கொண்டு செல்லவே இல்லை.

அவ்வாறாயின் அநீதியே இல்லையா என்று கேட்கலாம். இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். கிளார்க்ஸ்டேல் ஒரு சிறு நகரம். அங்கே இரண்டு மருத்துவமனைகள், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையே அரை மைல் தொலைவுகூட இல்லை. அந்நாளில் அந்தப் பகுதியில் எந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல எண்ணியும் பார்த்திருக்க மாட்டார் என்று அந்த மருத்துவரே விளக்கினார். வாசலில் நின்று ஒருவன் போ என்று விரட்டுவது ஒரு கொடுமை. அந்த வாசலை நோக்கிச் செல்லலாம் என்னும் எண்ணமே எவருக்கும் எழாதபடி ஒரு சமுதாயத்தைப் பழக்கி வைப்பது அதனினும் பெரிய கொடுமை. முன்னதில் குற்றவாளி ஒருவன் இருப்பான். பின்னதில் ஊரே குற்றவாளி. ஆதலால் எவரும் கூண்டில் ஏற்றப்பட மாட்டார்.

இட்டுக்கட்டிய கதை நமக்குத் துணை செய்வதுபோல் தோன்றும். ஒருநாள் அது பொய்யென்று மெய்ப்பிக்கப்படும்போது, பார்த்தீர்களா, இவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான் என்று எதிராளி கைகொட்டிச் சிரிப்பான். உண்மையான கொடுமையும் அந்தச் சிரிப்பில் மறைந்துவிடும். நம் மக்களின் துயரத்தைச் சொல்ல மிகைப்படுத்தல் தேவையில்லை. நடந்ததை நடந்தவாறு, நாளும் இடமும் குறித்து எழுதினாலே போதும். பெஸ்ஸியின் மறைவு நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம் இது.

கல்லில்லாத கல்லறை

அவரது உடல் பிலடெல்பியா நகருக்குக் கொண்டு வரப்பட்டது. காண வந்த கூட்டம் பெருகவே, பெரியதொரு மண்டபத்துக்கு உடலை மாற்றினர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வரிசையில் வந்து இறுதி வணக்கம் செலுத்தினர். அக்டோபர் 4ஆம் நாள் நகரின் புறத்தேயுள்ள ஷாரன் ஹில் என்னுமிடத்து மவுண்ட் லான் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

அவ்வளவே. கூட்டம் கலைந்தது. புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றும் நடப்படவில்லை. அதற்கெனத் திரட்டப்பட்ட பணமும் கல்லாக மாறவில்லை. ஓராண்டு, ஈராண்டு அன்று, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பேரரசி புல் மூடிய வெறுந்தரையின் கீழ் உறங்கினார். அவர் குரலைத் தட்டில் கேட்டு மகிழ்ந்தவர்கள் உலகெங்கும் இருந்தனர். அவர் எங்கே உறங்குகிறார் என்று கேட்டவர் எவருமில்லை.

1970ஆம் ஆண்டில் பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பின இல்லத்தரசி ஒருவர் இதைக் குறித்து அந்நகர நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக இருவர் முன்வந்து கல்லுக்கான செலவைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் ஜானிஸ் ஜாப்லின் என்னும் வெள்ளை இளம்பாடகி. பெஸ்ஸியின் தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றவர் அவர். கல் நாட்டிய இரண்டு திங்களுக்குள், அதே அக்டோபர் 4ஆம் நாளில், 27ஆம் வயதில் அவரும் மறைந்தார் என்பது வருந்தத்தக்கது.

மற்றொருவர் ஜுவானிடா கிரீன். நம் வாசகர்கள், சிறப்பாக நம் மாணவியர், நினைவில் நிறுத்த வேண்டிய பெயர் இது. சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமைதோறும் பெஸ்ஸியின் வீட்டுச் சமையலறைத் தரையைத் தேய்த்துக் கழுவியவர் அவர். பாடகியாக வேண்டும் என்பது அச்சிறுமியின் ஆசை. ஒருநாள் திறமைப் போட்டி ஒன்றில் அவள் பாடியதைப் பெஸ்ஸி கேட்டார். அழைத்து, பள்ளிக்குச் செல்கிறாயா என்று வினவினார். செல்வதாகச் சிறுமி சொன்னாள். அப்படியானால் பள்ளியிலேயே இருந்துகொள், உனக்குச் சுருதி நிற்கவில்லை என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டார். கேட்ட பிள்ளைக்கு அன்று வலித்திருக்கும். ஆனால் அவள் பள்ளியில் நிலைத்தாள். படித்துச் செவிலியரானார், பின்னர் முதியோர் மருத்துவ இல்லங்களை உரிமையோடு நடத்தினார், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கக் கிளையொன்றின் தலைவராகவும் விளங்கினார்.

பள்ளி வாசலில் நிலைக்க முடியாமல் போன ஒருவர், தம் வீட்டுத் தரையைக் கழுவிய பிள்ளையைப் பள்ளியில் நிலைக்கச் சொன்னார். அந்தப் பிள்ளையே வளர்ந்து பொருளீட்டி, சொன்னவரின் தலைமாட்டில் பெயர் பொறித்த கல்லை நட்டார். 1970 ஆகஸ்டு 7ஆம் நாள் அது நடந்தது. கல்வியின் பயன் யாது என்று எவரேனும் நம்மைக் கேட்டால், இனி இந்த நிகழ்ச்சியையே விடையாகச் சொல்வோம்.

அதன்பின் பெருமைகள் பல வந்து சேர்ந்தன. அதே 1970இலிருந்து கொலம்பியா நிறுவனம் அவரது பாடல்கள் அனைத்தையும் திரட்டி மீண்டும் வெளியிட்டது. 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய தபால் தலையை வெளியிட்டது. 2002இல் அவரது முதல் தட்டு, அந்நாட்டு நூலகப் பேரவையின் பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. கரடுமுரடு என்று திருப்பி அனுப்பப்பட்ட குரலை இன்று ஒரு நாடே செல்வமெனப் பாதுகாக்கிறது.

நம் கடமை

இளைஞர்களே! நம் ஊர்களிலும் பறையும் தவிலும் நாதசுரமும் முழங்கிய கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மறைந்தனர். ஊரார் பிறந்ததும் மணந்ததும் இறந்ததும் அவர்கள் கையொலியால்தான் அறிவிக்கப்பட்டன. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இன்று நமக்குத் தெரியும்? எத்தனை பேரின் புதைகுழி எங்கே இருக்கிறது என்று நாம் காட்டக்கூடும்? பிறர் எழுதவில்லை என்று குறைகூறிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நாம் எழுதவில்லை என்பதே குறை. எழுதத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தச் சாக்கு நமக்கு இல்லாது போயிற்று.

ஆகவே இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரிடமும் மாணவியிடமும் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் தெருவில் வாழும் முதிய கலைஞர் ஒருவரிடம் சென்று அமருங்கள். அவர் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, கற்பித்தவர் பெயர், அடித்த அடிகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர் சொல்வதை மிகைப்படுத்தாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். கல் நடுவதற்குப் பொருள் வேண்டும், காலம் வேண்டும். பெயரை எழுதுவதற்கு ஒரு பென்சில் போதும்.